அழிய மறுக்கும் கோப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலே செம்மண் தோட்டங்கள் சூழ அமைந்த ஊர் அளவெட்டி. கும்பிழாவளைப் பிள்ளையார் கோயிலும், அருணோதயக் கல்லூரியும், நாதசுரமும் தவிலும் அவ்வூரின் பெயரைப் பிறவூரார்க்கு நினைவூட்டுவன. ஆறு ஓடாத நாட்டிலே கிணறே பயிருக்கு உயிர். அக்கிணறுகளுட் பல ஒருவருக்கு மட்டும் உரியன அல்ல. பழைய காணி உறுதிகளைப் பிரித்துப் படிப்போர், நிலத்தின் பெயரும் பரப்பும் எல்லையும் கூறப்பட்டபின், கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் எழுதப்பட்டிருக்கக் காண்பர். முறைவைத்து இறைக்கும் பங்குக் கிணற்றைப் பங்காளருள் ஒருவர் தமக்கு வேண்டாம் என்று தூர்த்துவிட முடியாது. அவர் தம் பங்கை விட்டு விலகலாம். தம் நிலத்தை விற்றுவிடலாம். கிணறோ மற்றையோர் பொருட்டு நின்று ஊறிக்கொண்டிருக்கும். கடைசிப் பங்காளரும் கைவிட்ட பின்னரே அது பாழ்ங்கிணறாகும்.

இந்த நூற்றாண்டிலே அதே ஊரின் வீடுகளுக்குட் கணினி புகுந்துள்ளது. கடிதமும் கணக்கும் படமும் பாட்டும் இன்று கோப்புகளாக அதனுள்ளே உறைகின்றன. இடம் நிறைந்துவிட்டதென்று ஒரு கோப்பை நீக்குமாறு பணித்தால், சில வேளைகளிற் கணினி மறுத்துவிடுகிறது. அக்கோப்பு வேறொரு மென்பொருளிலே திறந்திருப்பதால் அதனை நீக்க இயலாது என்னும் கருத்துடைய அறிவித்தல் திரையிலே தோன்றுகிறது. மீண்டும் பணித்தாலும் அதே விடை. சினங்கொண்டு மின்னிணைப்பைப் பிடுங்குவோரும் உளர்.

இம்மறுப்புப் பொறியின் பிடிவாதமா? பழுதா? அன்றி ஒரு முறைமையா? கணினி வரலாற்றை முதலிலிருந்து நோக்குவோர்க்குக் கிடைக்கும் விடை, பங்குக் கிணறு கூறும் விடையேயாகும். அழிய மறுக்கும் கோப்பைப் பெரும்பாலும் எங்கோ ஒரு கை பற்றியிருக்கிறது. அந்தக் கை யாருடையது என்று அறிவதே முதல் வேலை. அழிப்பது அதற்குப் பின் வரும் வேலை.

கணினிக்கு முற்பட்ட காலத்தை முதலில் எண்ணிப் பார்த்தல் நன்று. பனையோலையிலே எழுத்தாணியாற் கீறி எழுதிய காலத்தில், எழுதியதை அழித்தல் என்பதே அரிது. கீறிய கோடு ஓலையின் உடம்பில் விழுந்த வடு. மையிட்டுத் துலக்கலாம், குறுக்கே கோடிட்டு விலக்கலாம், இல்லாததாக்க முடியாது. எழுத்து அழியாவிடினும் ஏடு அழியும். செல்லும் ஈரமும் இராமபாணப் பூச்சியும் அதற்குப் பகை. ஆகவே பழைய ஏடு நைந்து போகுமுன் புதிய ஏட்டிற் படியெடுத்து வைத்தனர். படியெடுப்பார் இல்லாதொழிந்த நூல்கள் மறைந்தன. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881 ஆம் ஆண்டில் வீரசோழியத்தையும் 1887 ஆம் ஆண்டிற் கலித்தொகையையும் அச்சேற்றியது, நைந்து கொண்டிருந்த ஏடுகளோடு காலம் நடத்திய போட்டியில் நூல்களின் பக்கம் நின்ற செயலாகும்.

காணிப் பதிவின் வரலாறும் இதனோடு ஒத்தது. 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658 ஆம் ஆண்டில் அவர்களை வென்ற ஒல்லாந்தரும் நிலங்களைத் தோம்பு என்னும் பேரேடுகளிற் பதிந்தனர். ஒல்லாந்த ஆள்பதி கொர்னேலிஸ் யோன் சிமன்ஸ் பணித்தபடி திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமைச் சட்டம் 1707 ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. நிலம் விற்போர் உரித்தாளர்க்கும் பங்காளர்க்கும் அயலார்க்கும் முன்னரே அறிவித்தல் வேண்டும் என்னும் பழைய வழக்கத்தை அது எடுத்துரைக்கின்றது. ஒல்லாந்தர் காலத்தில், விற்கும் எண்ணத்தைத் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலே வெளியிட்ட பின்னரே விற்பனை நிகழலாம் என்னும் விதியும் வந்தது. ஒரு பொருளிலே பலருக்கு உரிமை இருக்கும்போது ஒருவர் மட்டும் தனித்து முடிவு செய்தலாகாது. மற்றையோர் அறிய வேண்டும். அவர்கள் தம் உரிமையைக் கைவிட வேண்டும். பின்னாளிற் கணினியை அமைத்தோரும் இதே சிக்கலை எதிர்நோக்கி இதனை ஒத்த விதியையே வகுத்தனர்.

தொடக்கக் காலக் கணினியிலே இச்சிக்கல் தோன்றவில்லை. ஒரு வேளையில் ஒருவரின் வேலையே அதனுள் நடந்தது. செய்தி துளையிட்ட அட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் இருந்தது. வேண்டாத அட்டையைக் கிழித்தெறிந்தால் முடிந்தது. நாடாவின் மேல் புதிதாகப் பதிந்தால் பழையது போயிற்று. மறுப்பார் ஒருவருமிலர்.

அவ்வெளிமை எவ்வளவு இழப்பைத் தந்தது என்பதை ஒலிபரப்பின் வரலாறே கூறும். பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1960 களிலும் 1970 களிலும் தன் நிகழ்ச்சி நாடாக்கள் பலவற்றை மீண்டும் பயன்படுத்தும் பொருட்டு அழித்துவிட்டுப் பின்னர் அவற்றின் படிகளைத் தேடி உலகெங்கும் அலைந்தது. 1969 ஆம் ஆண்டில் மனிதன் சந்திரனில் முதன்முதல் இறங்கியபோது பதியப்பட்ட மூல நாடாக்களும் பின்னர் அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்பட்டிருத்தல் வேண்டும் என அமெரிக்க விண்வெளி நிறுவனம் 2009 ஆம் ஆண்டில் முடிவு கூறிற்று. அழிக்கும் வேளையில் எவருக்கும் அவை அரியனவாகத் தோன்றவில்லை. மறுத்துரைக்கும் பொறி ஒன்று அன்று இருந்திருப்பின், ஒருவேளை சற்று நின்று எண்ணியிருப்பர்.

பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுப் பயன்படுத்தும் வழி 1961 ஆம் ஆண்டிலே தோன்றியது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரின் குழுவினர், முறைவைத்து நீர் இறைப்பது போல, கணினியின் நேரத்தைச் சிறு சிறு கூறுகளாக்கிப் பலருக்குப் பகிர்ந்தளித்தனர். பலர் ஒரு பொறியிற் சேர்ந்தமையால், இது எவருடைய கோப்பு, இதனைப் படிக்க எவருக்கு உரிமை, அழிக்க எவருக்கு உரிமை என்னும் வினாக்கள் எழுந்தன.

இவ்வினாக்களுக்குத் தெளிவானதோர் விடையை வகுத்தவர் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் ஆவர். அவர்கள் 1969 ஆம் ஆண்டிலே தொடங்கிய யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் முதற் கைந்நூல் 1971 ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. அம்முறைமையிலே கோப்பின் பெயர் வேறு, கோப்பின் உடம்பு வேறு. ஓர் உடம்புக்குப் பல பெயர்கள் இருக்கலாம். எத்தனை பெயர்கள் அதனைச் சுட்டுகின்றன என்னும் எண்ணிக்கை உடம்போடு சேர்த்து எழுதப்பட்டிருக்கும். நீக்கு என்று பணித்தால், முறைமை ஒரு பெயரைக் களைந்து, எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கும். எண்ணிக்கை சூனியமாகி, அக்கோப்பைத் திறந்து வைத்திருக்கும் மென்பொருளும் எதுவும் இல்லையென்றான பின்னரே உடம்பு இருந்த இடம் விடுவிக்கப்படும். பங்காளர் ஒவ்வொருவராய் விலகி, கடைசிப் பங்காளரும் அகன்றபின் கிணறு தூர்வது இதுவேயன்றோ?

இம்முறையின் விளைவாக ஒரு விந்தையும் நிகழும். யுனிக்ஸ் வழிவந்த கணினியிலே, வட்டு நிறைந்துவிட்டதென்று பெரியதொரு கோப்பை நீக்குவார்கள். பெயர் மறைந்துவிடும், இடமோ சிறிதும் கூடாது. ஏனெனில் ஏதோவொரு மென்பொருள் அக்கோப்பைத் திறந்து இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது. பெயர் போயிற்று, பிடி விடவில்லை. அம்மென்பொருளை நிறுத்திய கணமே இடம் திரும்பக் கிடைக்கும்.

இதனின் வேறான மரபு தனியாட் கணினியிலே வளர்ந்தது. 1974 ஆம் ஆண்டிற் கேரி கில்டால் என்பவர் ஆக்கிய சிபி/எம் என்னும் முறைமையும், 1981 ஆம் ஆண்டிலே ஐபிஎம் தனியாட் கணினியோடு வந்த டொஸ் முறைமையும் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் பொறிக்கு அமைந்தவை. டொஸ் ஒரு கோப்பை அழிக்கும் விதம் வியப்பூட்டுவது. அது கோப்பின் உடம்பைத் தொடுவதில்லை. அட்டவணையிலே பெயரின் முதலெழுத்தை நீக்கி, அவ்விடத்தில் ஒரு குறியை இடும். திரையிற் காட்டினால் அக்குறி கிரேக்க எழுத்தாகிய சிக்மாவின் வடிவில் தோன்றும். அக்கோப்பு இருந்த இடம் பிறருக்கு வழங்கத்தக்கது என்றும் குறித்துவிடும். அவ்வளவே அழிப்பு. வேறொரு கோப்பு அவ்விடத்தில் எழுதப்படும்வரை பழைய எழுத்து அப்படியே கிடக்கும். இதனை உணர்ந்த பீற்றர் நோட்டன் 1982 ஆம் ஆண்டில் அழித்த கோப்பை மீட்கும் மென்பொருளை வெளியிட்டார். 1991 ஆம் ஆண்டில் வந்த டொஸ் முறைமையின் ஐந்தாம் பதிப்பில் மீட்கும் கட்டளை உடன் சேர்ந்தே வந்தது. இழந்த முதலெழுத்து யாது என்று அது கேட்கும். எழுத்தைச் சொன்னால் கோப்பு உயிர்பெறும்.

அந்த 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தார் மறக்கவியலாத ஆண்டு. மே மாதம் 31 ஆம் நாள் இரவு தொடங்கிய வன்செயலிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலேதான் ஐபிஎம் தனியாட் கணினி உலகிற்கு அறிமுகமாயிற்று. ஒருபுறம் அழித்த பின்னும் மீட்கத்தக்க எழுத்து பிறந்தது. மறுபுறம் படியில்லாத ஏடுகள் மீளா வகையில் அழிந்தன. முதலெழுத்தைச் சொல்லிச் சாம்பரை நூலாக்கும் கட்டளை எவரிடமும் இல்லை. அழித்தல் என்னும் ஒரே சொல் எத்துணை வேறான இரு செயல்களைக் குறிக்கின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

தனியாட் கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டபோது பங்குச் சிக்கல் அங்கும் வந்து சேர்ந்தது. அலுவலகமொன்றில் இருவர் ஒரே கணக்கைத் திறந்தால், ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமல் அழித்துவிடக்கூடும். ஆகவே 1984 ஆம் ஆண்டில் வந்த டொஸ் முறைமையின் மூன்றாம் பதிப்பிலே பகிர்வையும் பூட்டையும் கவனிக்கும் பகுதி சேர்க்கப்பட்டது. 1993 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் என்டி முறைமை இதனை மேலும் இறுக்கமாக்கியது. ஒரு மென்பொருள் கோப்பைத் திறக்கும்போதே, பிறர் இதனைப் படிக்கலாமா, எழுதலாமா, நீக்கலாமா என்று மூன்று அனுமதிகளைத் தனித்தனியே கூறவேண்டும். நீக்கும் அனுமதியைக் கொடாதுவிடின், அம்மென்பொருள் கோப்பை மூடும்வரை வேறெவரும் அதனை நீக்க முடியாது. யுனிக்ஸ் பெயரை உடனே களைந்து உடம்பைப் பின்னர் விடுவிக்கும். விண்டோஸோ அனுமதி இல்லாவிடின் பெயரைக் களையவும் மறுக்கும். 2001 ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி மூலமாக இம்முறைமை வீடுகளுக்கும் பரவியது. அழிய மறுக்கும் கோப்பு என்னும் முறைப்பாடு வீடுதோறும் ஒலிக்கத் தொடங்கியதும் அதன் பின்னரேயாம்.

யாழ்ப்பாணத்து ஊர்களுக்குக் கணினி சற்றுப் பிந்தியே வந்தது. 1990 ஆம் ஆண்டிலே தேசிய மின்சாரம் அற்றுப்போய், மக்கள் போத்தல் விளக்கின் ஒளியிலே படித்த காலம் நீண்டது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் திரள் திரளாகத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, கையிற் கொண்ட பொதியிலே காணி உறுதியும் பிறப்புச் சான்றும் இடம்பெற்றன. எடுத்துச் செல்ல இயலாத ஏடும் படமும் வீட்டோடு விடப்பட்டன. 2002 ஆம் ஆண்டிலே போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ-9 வீதி திறந்தபின்னரே கணினியும் அதனைச் சார்ந்த கடைகளும் வகுப்புகளும் குடாநாட்டிற் பெருகின. இணையம் அருகியிருந்த அந்நாளிலே கோப்புகள் கையடக்கமான பேனாச் சேமிப்பியில் வீட்டுக்கு வீடு பயணம் செய்தன. அவற்றோடு நச்சுநிரல்களும் பயணம் செய்தன.

நச்சுநிரலின் கோப்பு அழிய மறுப்பது வேறொரு காரணத்தால். அது தன்னைத் தானே இயக்கிக்கொண்டு, தன் கோப்பைத் தானே பற்றிக்கொள்கிறது, மறைந்தும் கொள்கிறது. 2008 ஆம் ஆண்டிறுதியில் வெளிப்பட்ட கொன்பிக்கர் என்னும் நச்சுநிரல் வலையமைப்பின் வழியாகவும், பின்னர் பேனாச் சேமிப்பியின் வழியாகவும் உலகெங்கும் பரவியது. பங்காளர் காவல் நிற்பது ஒன்று. களவாகப் புகுந்தவன் உள்ளிருந்து கதவைத் தாழிடுவது மற்றொன்று. வெளியே நின்று தட்டுவோர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

இவ்வேறுபாட்டை உலகறியச் செய்த நிகழ்ச்சி 2005 ஆம் ஆண்டிலே நடந்தது. சோனி பிஎம்ஜி நிறுவனம் இசைத் தட்டுகள் படியெடுக்கப்படாதிருக்கும் பொருட்டு, வாங்குவோர் கணினியில் மறைவாக நுழையும் மென்பொருளொன்றைத் தட்டுகளிற் சேர்த்திருந்தது. தன் கணினியில் மறைந்திருந்த அக்கோப்புகளைக் கண்ட மார்க் ருசினோவிச் என்னும் வல்லுநர் ஒக்டோபர் 31 ஆம் நாள் அதனை வெளியிட்டார். அவர் அவற்றைக் கையால் நீக்கியபோது அவருடைய கணினியிலே தட்டு இயக்கி தொழிற்படாது நின்றுவிட்டது. வேறு பகுதியோடு தன்னைப் பின்னிவைத்திருந்த கோப்பைத் தனியே பிடுங்கியதன் விளைவு அது. மக்களின் கண்டனம் எழ, நிறுவனம் அத்தட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. களவாய் வந்ததையும் வேரோடு பிடுங்குமுன் அது எதனைச் சுற்றிப் படர்ந்திருக்கிறது என்று பார்த்தல் வேண்டும் என்பது அந்நிகழ்ச்சி தந்த பாடம்.

பற்றியிருக்கும் கையன்றி வேறு காரணங்களாலும் கோப்பு மறுப்பதுண்டு. அவற்றுட் சில வரலாற்றின் எச்சங்கள். டொஸ் முறைமையின் முதற் பதிப்பிலே கோப்புறைகள் இல்லை. விசைப்பலகையும் திரையும் அச்சுப்பொறியும் சில மூன்றெழுத்து ஆங்கிலப் பெயர்களால் அழைக்கப்பட்டன. 1983 ஆம் ஆண்டிலே கோப்புறைகள் வந்தபோது, பழைய மென்பொருள்கள் தடைப்படாதிருக்க, அப்பெயர்கள் எல்லாக் கோப்புறைகளிலும் ஒதுக்கி வைக்கப்பட்டன. அவ்வொதுக்கீடு இன்றளவும் பெரும்பாலும் தொடர்கிறது. வேறு முறைமையுள்ள கணினியில் அப்பெயரோடு ஆக்கிய கோப்பு விண்டோஸ் கணினிக்கு வந்தால், முறைமை அதனைக் கோப்பென்று கருதாது. கருவியென்று எண்ணி அழிக்க மறுக்கும்.

மற்றொரு தடை பெயரின் நீளம். கோப்பின் பெயரும் அதனைச் சூழ்ந்த கோப்புறைகளின் பெயர்களும் சேர்ந்து 260 எழுத்துக்கு உட்பட வேண்டும் என்பது விண்டோஸின் பழைய எல்லை. தமிழிற் பெயரிடுவோர் இதனை விரைவில் எட்டிவிடுவர். அளவெட்டி என்று ஏட்டில் எழுதினால் ஐந்தெழுத்து. கணினியோ உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி அதனை எட்டெழுத்தாகக் கொள்ளும். கோயிற் படங்களை ஊர், ஆண்டு, திருவிழா, நாள் என்று கோப்புறைக்குட் கோப்புறையாக அடுக்கி வைப்போரின் கோப்பு ஒருநாள் திறக்கவும் நீக்கவும் மறுப்பதற்கு இது காரணமாகலாம். 2016 ஆம் ஆண்டில் இவ்வெல்லையைத் தளர்த்த வழி செய்யப்பட்டது. எனினும் எல்லா மென்பொருள்களும் அதற்கு இசையவில்லை. மேலேயுள்ள கோப்புறைகளின் பெயரைச் சுருக்கினாலோ, உள்ளேயிருக்கும் கோப்புறையை வெளியே கொணர்ந்து வைத்தாலோ தடை நீங்கும்.

இனி, நீக்கும் வழிகளின் வரலாற்றை நோக்கின், அவை எல்லாம் பிடித்த கையைக் கண்டு விடுவிக்கும் வழிகளாகவே வளர்ந்திருத்தல் தெரியும். 1995 ஆம் ஆண்டின் விண்டோஸ் முறைமையிலே பாதுகாப்பு நிலை என்னும் ஒழுங்கு இருந்தது. இன்றியமையாத பகுதிகளை மட்டும் எழுப்பி, மற்றவற்றை உறங்கவிட்டுக் கணினியைத் தொடங்குதல் அது. பற்றும் மென்பொருள் எழாதாகையால் கோப்பு இணங்கும். விண்டோஸ் என்டி வழிவந்த முறைமைகளிலே, இப்பொழுது நீக்க முடியாத கோப்பை அடுத்த தொடக்கத்தில் நீக்குமாறு குறித்து வைக்கும் வழியும் உண்டு. எவரும் எழுந்து பற்றிக்கொள்ளுமுன் அதிகாலையிலே வேலையை முடிப்பது போன்றது அது.

எந்த மென்பொருள் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டும் கருவிகளும் வந்தன. யுனிக்ஸ் உலகில் அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றைச் சேர்ந்த விக் ஏபெல் அத்தகைய கருவியை ஆக்கினார். விண்டோஸ் உலகில், மேலே கூறிய ருசினோவிச்சே அதனைச் செய்தார். அவருடைய நிறுவனத்தை 2006 ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் வாங்கியது. 2022 ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் வெளியிட்ட துணைக்கருவியொன்று, கோப்பின்மேற் சுட்டியை வைத்து வினவினால் அதனைப் பற்றியிருக்கும் மென்பொருளின் பெயரைக் கூறும். இருபது ஆண்டுகளாக வல்லுநர் மட்டும் கேட்டுவந்த வினாவை இன்று எவரும் கேட்கலாம்.

ஆகவே மறுக்கும் கோப்பை அணுகுவோர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு இதுவாகும். முதலில், அக்கோப்பு வேறெங்கேனும் திறந்திருக்கிறதா என்று பார்த்து மூடுதல் வேண்டும். படத்தின் சிறுவடிவைக் காட்டும் சாளரமே சில வேளை அதனைப் பற்றியிருக்கும். அடுத்து, கணினியை முறைப்படி நிறுத்தித் தொடங்குதல். பின்னும் மறுப்பின், நீக்கும் உரிமை தமக்கு உண்டா என்றும், பெயரிலோ நீளத்திலோ குற்றம் உண்டா என்றும் ஆராய்தல். பேனாச் சேமிப்பியிலுள்ள கோப்பாயின், எழுதுவதைத் தடுக்கும் பூட்டு உண்டா என்று நோக்குதல். நச்சுநிரல் என்று ஐயம் எழுந்தால் தக்க மென்பொருளாற் சோதித்தல். வட்டே பழுதுற்றிருப்பின், அழிப்பதை மறந்து, எஞ்சிய கோப்புகளை முதலில் வேறிடத்திற் படியெடுத்தல். வன்மையாக அழிக்கும் கட்டளைகள் இவை யாவற்றுக்கும் பின்னரே. மின்னிணைப்பைப் பிடுங்குவதோ எவ்விடத்தும் வழியன்று. ஒரு கோப்பை நீக்கப் புகுந்து பல கோப்புகளைச் சிதைப்பது அது.

ஒழுங்கு இவ்வாறு அமைந்ததற்குப் பொறியின் நலம் மட்டும் காரணமன்று. அளவெட்டியிலே ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்வோம். கணினியில் இடம் போதவில்லையென்று ஓர் இளைஞர் மிகப் பெரிய கோப்பொன்றை நீக்க முயல்கிறார். அது மறுக்கிறது. வல்லந்தமாக அழிக்கும் வழியைத் தேடுகிறார். அடுத்த அறையிலே, வலையமைப்பின் வழியாக அதே கோப்பைத் திறந்து, வீட்டின் முதியவர் கேட்டுக்கொண்டிருப்பது அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதசுரம், அருகே தட்சணாமூர்த்தியின் தவில். பழைய ஒலிநாடாவொன்றிலிருந்து உறவினர் எவரோ மாற்றிக் கொடுத்த பதிவு. நாடா எப்போதோ நைந்துபோயிற்று. வேறு படி இல்லை. அந்த மறுப்பு அவ்வேளையில் இடையூறா, காவலா?

இத்தகைய படிகளைத் தேடிச் சேர்ப்பது இன்று பலர் மேற்கொண்ட பணியாகும். 1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளிலே தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னெழுத்தாக்கி உலகிற்கு வழங்கியது. 2005 ஆம் ஆண்டிலே தோன்றிய நூலகம் என்னும் இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஏடுகளையும் படமெடுத்துப் பேணி வருகிறது. எரிந்த நூலகத்தின் நினைவு அப்பணியின் பின்னே நிற்பது வெளிப்படை. படி ஒன்றாக இருந்தபோது ஒரு தீ போதுமாயிற்று. பல படிகளாய்ப் பல இடங்களிற் பலர் கையில் இருப்பதை அழித்தல் எளிதன்று. கணினி நூலார் எண்ணிக்கை சூனியமாதல் என்று கூறுவதை ஊரார் மொழியிற் கூறினால், பற்றியிருக்கும் கை ஒன்றேனும் உள்ளவரை பொருள் அழியாது என்பதேயாம்.

அழிக்கவே வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. நச்சுநிரலை நீக்கத்தான் வேண்டும். பிறர் மறைவு கூறும் கோப்பைப் பேணுதல் தவறு. பயனற்றவை நிறைந்த வட்டிலே பயனுள்ளதும் கண்ணிற் படாது மறையும். தூர்த்தற்குரிய கிணற்றைத் தூர்க்காதுவிடின் குழந்தைகள் விழக்கூடும். ஆயினும் அளவெட்டித் தோட்டக்காரர், தூர்க்கும் முன் அயலாரைக் கேட்பர். துலா நின்ற இடத்தைப் பார்ப்பர். வாய்க்கால் எந்தக் காணிக்குச் செல்கிறது என்று அதன் வழியே நடந்து பார்ப்பர். கணினித் திரையிலே தோன்றும் மறுப்பும், வாய்க்காலின் வழியே ஒருமுறை நடந்து பார்க்குமாறு கேட்கும் வேண்டுகோளேயாம். நடந்து பார்த்தபின் மண்வெட்டியை எடுக்கலாம்.